நாலு பேர் என்று சொன்ன பேச்சியக்கா

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சியக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அவரைப் பற்றி இல்லாத பெருமையைச் சேர்த்தால் அவருக்குப் பிடிக்காது. நம்மைப் பற்றிச் சேர்த்தாலும் பிடிக்காது.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. மாட்டுங்காவில் கணக்கு டியூஷன் படித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பல மாதங்களாக யாரும் எதுவும் போடாத 'தீயணைப்பு வகுப்பு' குழு திடீரென்று மேலே வந்திருந்தது. அதில் கடைசியாக இருந்தது அக்காவின் குரல்பதிவு: "நாளைக்கு காலைல பத்து மணிக்கு கிளாஸு. ஒருத்தராச்சும் வாங்கய்யா." அதற்கு ஒருவரும் பதில் போட்டிருக்கவில்லை. அதற்கு நேர் கீழே, பேச்சியம்மாள் இன்று காலை ஆஸ்பத்திரியில் காலமானார் என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். அதற்கும் கீழே கும்பிடும் கைகள். பஸ் வருவதற்குள் முப்பத்தெட்டு கைகள் சேர்ந்துவிட்டன.

அக்கா தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் தைத்துக்கொண்டிருந்தவர். பக்கத்துச் சந்தில் தீப்பிடித்த அன்று தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. நம் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அவருடன் வேலை பார்த்த ஒரு பெண் மேல்தட்டிலிருந்து இறங்க முடியாமல் போய்விட்டார். ஏணி முதலில் எரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் அக்கா தானாகவே தீயணைப்பு நிலையத்துக்குப் போய், தனக்குக் கற்றுத் தரச் சொல்லிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படித்தார். பிறகு நம் சங்க அறையில் வகுப்பு தொடங்கினார். "வண்டி வர்ற வரைக்கும் நாமதான் வண்டி" என்பது அவர் முதல் வகுப்பில் சொன்னது. அன்று அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எரியும் எண்ணெய்ச் சட்டியை ஈரச் சாக்கால் மூடிக் காட்டினார். "யக்கா, அப்படியே ரெண்டு வடையும் போட்டிருக்கலாம்" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று நமக்குப் பழைய தலைக்கவசங்களும் நீண்ட தண்ணீர்க் குழாய்களும் அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் குழாயின் வாய் நம் தெருமுனைக் குழாயில் பொருந்தவே இல்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் ஜாதகம் பொருந்தலையே தங்கச்சி" என்றார். அக்கா விடவில்லை. காதர் பாய் தன் வேலைகளுக்கு நடுவே பித்தளையில் ஓர் இணைப்பு வளையம் கடைந்து கொடுத்தார். மூன்றாவது வளையம் பொருந்தியது. நாங்கள் கை தட்டினோம். அக்கா திருகித் திறந்தார். தண்ணீர் வரவில்லை. அந்தக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் மட்டும்தான் தண்ணீர் வரும். எங்களில் யாருக்கும் அது முன்பே தோன்றவில்லை. "அப்போ தீ காலைல மட்டுந்தான் புடிக்கணும்" என்றார் அக்கா. அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இனி எழுதப் போவது என் தவறு. அதே அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. வகுப்பு நன்றாக நடந்தால் முறையான பயிற்சியும், ஒவ்வொரு சந்துக்கும் ஒரு தீயணைப்பான் சிலிண்டரும் தருவார்களாம். வருகைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. அப்போது வந்துகொண்டிருந்தவர்கள் நான், காதர் பாய், பக்கத்து அறை லட்சுமி அத்தை, அத்தையின் மருமகள். "இருவதுன்னு போடு பாப்பா. ஆள் இருந்தாத்தான் சாமான் தருவாங்க. யாரு வந்து தலைய எண்ணப் போறா?" என்றார் செயலாளர். நான் நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி இருபது கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் போட்டதுபோல் அமைந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா பதிவேட்டைப் புரட்டினார்.

"ஏட்டி, முருகன் எப்ப வந்தான்?"

"வரல அக்கா."

"செபஸ்தியான்?"

"அவரு இப்ப அம்பர்நாத்துல இருக்காரு."

"அப்போ இங்க தீப் புடிச்சா, அவன் அம்பர்நாத்துல இருந்து வாளியத் தூக்கிக்கிட்டு லோக்கல் ட்ரெயின் ஏறி வருவானாட்டி?"

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. வந்த அம்மையார் எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அக்கா நாலு விரலைக் காட்டினார். பிறகு என்னிடம், "மத்தவங்கள எப்படி வர வைக்கன்னு எனக்குத் தெரியல. அதையும் சொல்லித் தருவீங்களான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். அம்மையார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு உண்மையான பதிலை எங்கும் கேட்டதில்லை என்றார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். ஆட்கள் அதிகம் இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை என்று இருந்தது. சிலிண்டர்கள் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதிக்குப் போயின.

"இருவது. ஒத்த வார்த்தை. அது வாயில வரலையாம்மா?" என்று செயலாளர் கேட்டார்.

"வந்துச்சு. முழுங்கிட்டேன்" என்றார் அக்கா.

அதன் பிறகு லட்சுமி அத்தையும் மருமகளும் நின்றுவிட்டார்கள். அக்காவுக்குக் காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கினார்கள். வகுப்பு நின்றது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, பள்ளியில் இருந்தேன். காதர் பாய் சொன்னதை எழுதுகிறேன். ஒரு நாள் மத்தியானம் நம் சந்தின் கடைசி வீட்டில் கேஸ் குழாய் பற்றிக்கொண்டது. வெளியே நிறையப் பேர் நின்றார்கள், பலர் கையில் ஃபோன் இருந்தது. "பேச்சியக்காவக் கூப்பிடு, அவங்களுக்குத்தான் தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். அக்கா படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். ஈரச் சாக்கோடு உள்ளே போய் கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினார். இருமிக்கொண்டே வெளியே வந்தவர், நின்றவர்களிடம், "சாக்கு நனைக்கக்கூட ஒரு ஆளு இல்லையா?" என்று கேட்டாராம். அன்று ஃபோனில் எடுத்துப் பரப்பிய காணொளியில் இந்தக் கேள்வி இல்லை, அதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். அக்கா இறந்தது அந்தப் புகையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன்: "அக்கா, அன்னைக்கு இருபதுன்னே சொல்லியிருக்கலாமோ?" பொய் சொல்வது தப்பு என்று சொல்வார், மனசு லேசாகும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"தெரியலட்டி" என்றார் அக்கா.

நேற்று மாலை சங்க அறையில் இரங்கல் கூட்டம் நடந்தது. அறை நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அவர் விட்ட பணியை நாம் தொடர்வோம் என்று செயலாளர் பேசி முடித்தார். "யாரு?" என்று பின்னாலிருந்து காதர் பாய் கேட்டார். பிறகு டீ கொடுத்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும்தான். "உள்ள நுழைஞ்சா முதல்ல ரெண்டாவது வாசல் எங்கன்னு பாரு, பொறவு உக்காரு" என்று சொல்வார். பள்ளியிலும் டியூஷனிலும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பெரும்பாலான இடங்களில் இரண்டாவது வாசல் இருப்பதில்லை. சங்க அறையில் இருக்கிறது. அதை மறைத்து இரும்பு நாற்காலிகளை மேல்விட்டம் வரை அடுக்கியிருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தேன். "நாளைக்குப் பாத்துக்கலாம் பாப்பா, அறையப் பூட்டணும்" என்றார் செயலாளர். இன்னும் ஒரு வரிசை என்றேன். அந்த வரிசையில் பாதி இறக்கியிருந்தபோது விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.