தகரத்துக்குப் பின்னால் ஒரு ஃபால்ஸ் கடை

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காக எங்கள் தெருவை மறித்துத் தகரம் அடித்தார்கள். அன்றோடு என் கடை யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஓரம் அடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, இவ்வளவுதான் என் தொழில். கோயிலுக்கு வருகிற பெண்கள் போகிற போக்கில் புடவையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தகரம் வந்தபின் ஒரு ஆள் நடக்கத்தான் வழி. மழை பெய்தால் அதிலும் சேறு. பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு எந்த மகராசி வருவாள்?

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பிட வந்தால் கடையை ஒரு பார்வை பார்ப்பார்.

"இன்னா, இன்னிக்கும் ஈ ஓட்டிக்கினு கீறியா? பேசாம மூடிட்டு வா."

"சவாரி இல்லன்னா நீ ஆட்டோவ வித்துடுவியா?" என்று பாய்வேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

அப்போது எனக்குத் தைரியம் சொன்ன ஒரே ஆள், நான் வாடகைக்கு இருந்த அந்தக் கடைக்குச் சொந்தக்காரர். மாடியிலேயே குடியிருந்தார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் பால் வாங்கப் போகும்போது எட்டிப் பார்ப்பார்.

"மனசத் தளர விட்டுடாதேம்மா. இந்தத் தகரம் என்ன சாசுவதமா? ஒரு நாள்கூடக் கடையப் பூட்டிடாதே. வெளக்கேத்திண்டு உக்காந்துண்டிரு. நான் இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிடும். பெற்ற அப்பன்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இடையில் தி.நகரில் ஒரு புடவைக் கடைக்காரர் தன் வாசலிலேயே மிஷின் போட்டுக்கொள்ளக் கூப்பிட்டார். அங்கே வேலைக்குப் பஞ்சமே இருக்காது. மாமாவிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "இத்தன நாள் தாக்குப்பிடிச்சுட்டு இப்போ போறேங்கறியே" என்றார். எனக்கே வெட்கமாகிவிட்டது. வர முடியாது என்று தி.நகருக்குச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம் என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் புடவை வாங்கி வந்து தைத்தேன். ஒருவழியாகத் தகரத்தைக் கழற்றினார்கள். பழைய முகங்கள் திரும்பி வந்தன. "அடிப்பாவி, இன்னும் இங்கதான் இருக்கியா!" என்று ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். விடாமல் உட்கார்ந்திருந்ததால்தான் வாடிக்கை திரும்பியது, அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

அடுத்த வாரம் மாமா ஸ்வீட் டப்பாவோடு வந்தார்.

"பையன் வேலைய விட்டுட்டான். கீழ காபிக் கடை போடறான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடும்மா."

"எப்போ முடிவு பண்ணீங்க மாமா?"

"தகரம் அடிச்சப்பவே. ரோடு சரியாகட்டும்னு காத்துண்டிருந்தோம்."

"அப்புறம் எதுக்கு என்னைத் தி.நகர் போகவிடல?"

மனுஷர் கூச்சமே படவில்லை. "பூட்டிக் கெடந்தா ராசியில்லாத கடைன்னு பேர் வந்துடும். அப்புறம் யார் உள்ள வருவா? நீ வெளக்கேத்திண்டு உக்காந்திருந்தியோ, ராசி அப்படியே தங்கிடுத்து. ஒன் கை அப்படி."

பாராட்டுகிறாராம்! என் வைராக்கியம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் அவர் பிள்ளையின் கடைக்கு நான் காத்த காவல். வேறு யாராவது செய்திருந்தால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். நம்பின மனுஷராயிற்றே, சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது இறங்கி வந்தார். "கடை தொறக்கற அன்னிக்கு நீ கண்டிப்பா வரணும். ஒன் கையாலதான் முதல் போணி."

"வரமாட்டேன்."

"ஏம்மா, கோவமா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.