கடலைச் சொல்லி மட்டி விற்ற காலம்

கடலைப் பார்க்காத ஊரில் கடல் சரக்கு விற்கிறவன், சரக்கைவிடக் கடலைத்தான் அதிகம் விற்க வேண்டியிருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து திருப்பூர் சந்தையில் மட்டிக் கருவாடு விற்றேன். சிப்பிக்குள் இருக்கும் சதையை அவித்து, உப்பிட்டுக் காயவைத்தது. தெரியாத பொருளைத் தெரியாத ஜனங்களிடம் விற்றுப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எந்தக் காட்டு வெள்ளாமை?

பொங்கலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, ஒரு மட்டியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது எந்தக் காட்டுலீங்க வெளையுது?" என்று கேட்டார். கேலியில்லை, விவசாயி கேட்கிற கேள்வி. கடல் தண்ணீர் வற்றியதும் கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் காலால் துழாவுவோம், கல் மாதிரி இடறுவதுதான் மட்டி என்றேன். தண்ணீர் ஏறினால் லேசாக வாய் திறந்து இரை எடுக்கும். வற்றிவிட்டால் இறுக மூடிக்கொண்டு அடுத்த தண்ணீர் வரும்வரை சேற்றுக்குள் கிடக்கும்.

அந்த வருஷம் அவர்கள் பக்கம் மழையே இல்லை. கையிலிருந்த மட்டியைத் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "அதும் நம்மளாட்டத் தண்ணி வருமான்னு பாத்துட்டுத்தான் கெடக்குதுங்களா?"

பக்கத்துக் கடை

எனக்குப் பக்கத்தில் காதர் பாய், பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணி விற்றார். அதில் என் கருவாட்டு வாடை ஏறிவிட, வாங்க வந்தவர்கள் துணியை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர் பிழைப்பைக் கெடுக்கிறோமே என்று நானே மூட்டையைக் கட்டினேன். பாய் தன் துணிக் குவியலைக் காற்று வரும் பக்கமாக மாற்றிப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்: "துணியத் தொவைச்சா வாசம் போயிருமுங்க. உங்களத் தொரத்திட்டா அந்த நெனப்பு போகாதுங்க."

ஆற்று மட்டி

மாராயி, துணி வெளுக்கிற ஒரு பிளீச்சிங் பட்டறையில் பிழிகிற வேலை செய்தாள். என் கடையருகே நின்று மட்டி எடுக்கிற கதையைப் பலமுறை கேட்டிருக்கிறாள். கரண்ட் இல்லாமல் பட்டறைகள் மூடி, கூலியும் நின்றுபோன ஒரு மாதத்தில், ஒரு மத்தியானம், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் ஓடி வந்தாள். குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டிருந்தது. நொய்யல் ஆற்றில், பட்டறைக் கழிவுத் தண்ணீர் கலக்கிற இடத்துக்குக் கீழே, காலால் துழாவி மட்டி எடுத்து அவித்துக் கொடுத்திருக்கிறாள்.

காதர் பாய் இருவரையும் சைக்கிளில் ஏற்றி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில், மாராயி கையோடு கொண்டுவந்திருந்த மட்டிச் சட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிச் சிப்பிகள் வெந்தும் வாய் திறக்காமல் இருந்தன, ஏற்கெனவே செத்தவை. அவற்றைத் தொடக்கூடாது என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அழுக்குத் தண்ணீரில் எடுத்தால் வாய் திறந்ததும் ஆகாது. எடுக்கிற விதத்தை அத்தனை ருசியாகச் சொன்ன நான், இதைச் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. அதுவரை எனக்கும் சோறு இறங்கவில்லை. வார்டு வாசலில் மாராயியிடம், "நான் சொல்லித்தானே தாயி இப்படி ஆச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "நீங்க கடலத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்ச தண்ணி இதொண்ணுதானுங்க."

அதற்குப் பிறகு

அன்று முதல் யார் வந்தாலும் இந்த எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் தராசை எடுத்தேன். குன்னத்தூர்க்காரர் ஒருவர் பாதியிலேயே பையை மடித்துக்கொண்டார்: "கருவாடு வாங்க வந்தனுங்க, பயப்பட வரலீங்க."

வியாபாரம் பாதியாகக் குறைந்தது, தூக்கம் மட்டும் முழுசாக வந்தது.