பளிச்சென்று இருந்த போர்டு

பள்ளிக்கூடம் சாலைக்கு இந்தப் பக்கம், நாங்கள் குடியிருந்த வீடு அந்தப் பக்கம். நடுவில் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரிகள். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஆசிரியை. என் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவள் என் கையை உதறிவிட்டுச் சாலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

தலைமை ஆசிரியரை நச்சரித்து மனுப் போட வைத்தேன். பல மாதம் கழித்து ஒரு போர்டு வந்தது. 'பள்ளிக்கூடம். வேகம் 20 கி.மீ.' இதை எவன் மதிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஆனால் லாரிக்காரர்கள் மதித்தார்கள். போர்டைக் கண்டதும் கியரை மாற்றி, முனகிக்கொண்டே ஊர்ந்து போனார்கள்.

அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் அந்தச் சாலையோரம் புழுதி படியாத பொருளே கிடையாது. புளியமரம், பள்ளிக்கூட ஓடு, என் புடவை எல்லாம் ஒரே நிறம். போர்டு மட்டும் விளக்கிவைத்த குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று இருந்தது. யார் துடைக்கிறார்கள்? தலைமை ஆசிரியரைக் கேட்டேன். ரோடு போடுகிற ஆட்களாக இருக்கும் என்றார். ரோட்டுக் குழியையே மூடாதவர்கள் போர்டையா துடைக்கப்போகிறார்கள்? பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். சாலை விதி பற்றி நான் நடத்திய பாடத்தின் பலனோ என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது போலிருந்தது. ஒருநாள் மாலை மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மணி அடித்ததும், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் தோளில் ஏறி, சிலேட்டுத் துணியால் போர்டைத் துடைக்க ஆரம்பித்தது என் மகள்தான். அவள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. போர்டைப் பார்த்து வேகம் குறைந்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் மொத்தமும் அதன் பின்னால் ஓடி ஆளுக்கொரு கரும்பை உருவினார்கள். என் மகள் பிடித்த கரும்பு வரவில்லை. அவளும் விடவில்லை. லாரி அவளை இழுத்துக்கொண்டு போனது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். கரும்பு ஒடிந்து அவள் ரோட்டில் விழுந்தாள்.

முட்டியில் ரத்தம், கையில் பாதிக் கரும்பு. அடிக்க ஓங்கிய கையாலேயே புடவைத் தலைப்பை எடுத்து அவள் முட்டியைத் துடைத்தேன்.

"எதுக்குடி போர்டத் தொடச்ச?"

"அழுக்கா இருந்தா டிரைவருக்குத் தெரியாதும்மா. வேகமா போயிட்டா உருவ முடியாதுல்ல."

மறுநாள் அந்த லாரியை நானே கை காட்டி நிறுத்தினேன். நடந்ததை டிரைவரிடம் சொல்லி, வேகமாகப் போனாலும் பயம், மெதுவாகப் போனாலும் பயம், என்னதான் செய்வது என்று கேட்டேன். அவர் போர்டை எட்டிப் பார்த்தார்.

"மெதுவா போனாத்தானே பின்னாடி ஓடி வருதுங்க. நின்னே போறேன் டீச்சர்."

இறங்கி வந்து, நாலைந்து கரும்பை உருவிப் பள்ளிச் சுவருக்கு உள்ளே போட்டார். அவர் சொல்லி மற்ற லாரிகளும் அப்படியே செய்தன. பிள்ளைகள் சுவருக்குள்ளேயே காத்திருக்கப் பழகிவிட்டார்கள். நின்ற லாரிக்கு முன்னால் என் மகள் கரும்பைக் கடித்துக்கொண்டே நிதானமாகச் சாலையைத் தாண்டினாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. போர்டை அதன்பிறகு யாரும் துடைக்கவில்லை. அந்த வருஷத்து வெட்டு முடிவதற்குள் அதிலிருந்த இருபது புழுதியில் மறைந்துபோனது.