மேகம் போட்டால் அடங்கும் ஆறு

எங்கள் நீரளவு நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். நான், அப்புறம் பனிக்காரர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இருபத்திரண்டு வருஷம் மலையில், பனி உருகி வரும் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்தவர் அவர். தங்கை பிழைப்பதே கஷ்டம், அவள் நெஞ்சுக்கு இனிமேல் குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

வந்த அன்றைக்கு மழைக்காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. பாலத்தூணில் இருக்கும் அளவுப் பலகையைக் காட்டினேன். அதன் அடியில் மணலில் ஒரு நாய் படுத்திருந்தது.

"தண்ணி எங்கங்க?" என்றார்.

"அது வரும்போது வரும்" என்றேன்.

தினமும் மூன்று வேளை பலகையைப் பார்த்து அளவை எழுத வேண்டும். நான் நாற்காலியை விட்டு எழாமலே பூஜ்யம் போட்டுவிடுவேன். அவர் கொதிக்கிற மணலில் நடந்து போய், பலகையைக் குனிந்து பார்த்து, திரும்பி வந்து அதே பூஜ்யத்தை எழுதுவார். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும்.

மதியங்களில் தன் ஆற்றைப் பற்றிப் பேசுவார். "எங்க ஆறு வத்தவே வத்தாதுங்க. கோடையிலதான் பெருக்கே. வெயில் ஏற ஏற பனி உருகும், சாயங்காலம் எங்ககிட்ட வந்து சேரும். மேகம் போட்டா உருகாது. அன்னைக்கு ஆறு அடங்கிடும், நிம்மதியா காலை நீட்டலாம்." நான் பாதித் தூக்கத்தில் "ம்" கொட்டுவேன். இங்கே எல்லாம் தலைகீழ், மலையில் மேகம் போட்டால்தான் ஆறு வரும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆற்றையே அளக்கிறவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

அவருடைய தங்கை, ஊர்க்காரர்கள் போடுவதைப் பார்த்து, பாலத்துக்குக் கீழே ஆற்று மணலில் தர்பூசணி போட்டாள். இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவள். மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றுவாள். நாலு குடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். கொடி ஓடிக் காய் பிடித்ததும் அவள் முகமே மாறிப்போனது. "முதல் காய் அந்த டாக்டருக்குத்தான். நான் பிழைக்க மாட்டேன்னு சொன்ன வாயாலயே தின்னட்டும்" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் காலை, மேற்கே தூரத்து மலைகளின் மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் கொடிக்காரர்கள் அரக்கப்பரக்கப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை நிலையத்துக்கு வந்தாள்.

"அண்ணா, எல்லாரும் பறிக்கிறாங்க. நானும் பறிச்சிடவா?"

"மேகம் போட்டிருக்கும்மா, இனிமே ஆறு எங்க வரப்போகுது? ரெண்டு நாள் விடு, நல்லாப் பழுக்கட்டும். உனக்கு வேற மூச்சு வாங்குது. போய்ப் படு."

நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். காதில் விழுந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். காலைப் பூஜ்யத்தைப் போட்டு முடித்த அலுப்பு. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். எழுந்தபோது மறந்தே போயிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் மூன்று மணிக்குச் சுள்ளென்ற வெயிலில் ஆறு வந்தது. செம்மண் நிறத்தில், முள்ளையும் மரக்கிளையையும் தள்ளிக்கொண்டு, கரை முட்ட வந்தது. கால் மணி நேரத்தில் மணல் இருந்த அடையாளமே இல்லை. தர்பூசணிகள் ஒவ்வொன்றாக மிதந்து பாலத்துக்கு அடியில் போயின.

பனிக்காரர் பதிவேட்டோடு பாலத்தின் மேல் நின்றார். பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "மேகம் போட்டா அடங்கும்னுதானே..." என்றார். "குடுங்க, நான் எழுதறேன்" என்றேன். கொடுக்கவில்லை.

தங்கை மெதுவாக நடந்து வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவுண்ணா?" என்றாள்.

"மூணு மீட்டர் நாப்பது."

"இதையாவது சரியா எழுது" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அவர் எழுதினார்.