நாற்பதடிக் குழாய்

கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்காக ஒரு குளியல் கடை போடப் போகிறேன் என்று பட்டணத்தாள் சொன்னபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிலர் பொத்தாமலும் சிரித்தார்கள்.

"இத்தனை பெரிய கடல் பக்கத்துலயே சும்மா கெடக்கு. குளிக்கக் காசு கேட்டா எவன் குடுப்பான்?" என்று கேட்டார் வலை பின்னுகிறவர்.

இருபத்திரண்டு வருடம் வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வை என்பது மரியாதைக்குச் சொல்வது. குளியலறை வாசலில் நடக்கும் சண்டையைத் தீர்ப்பதுதான் அங்கே அவள் வேலை. அறுபது பெண்கள், எட்டுக் குளியலறைகள். உடம்பு பிசுபிசுத்தால் மனுஷருக்குப் புத்தி எப்படிப் போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்கள் மாலையில் உப்பும் மணலுமாக, ஈரத்துணியோடு நெளிந்துகொண்டே பஸ் ஏறுவதை அக்கா வீட்டு வாசலில் நின்று இரண்டு வாரம் பார்த்தாள். மூன்றாவது வாரம் அக்காவிடம் யோசனையைச் சொன்னாள்.

எதையும் அவள் முதலில் அக்காவிடம்தான் சொல்வாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்கா. விடுதியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று போனில் அழுதபோது, "உனக்கு நான், எனக்கு நீ. பெட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரு" என்று சொன்னதும் அக்காதான். கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் விடுதியில் கொடுத்த மொத்தத் தொகையையும் அந்த மணலில் கொண்டுபோய்ப் போட்டாள். இது போனால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது.

மணலில் கடை போடுவது என்ன லேசுப்பட்ட காரியமா? அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில், குளியல் கடையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் 'உணவகம் அல்லாதவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கிய பூட்டுகளைப் பத்தே நாளில் உப்புக்காற்று தின்று தீர்த்தது. கூரைத் தகரம் ஒன்று ஒருநாள் பறந்து போய் மீன் ஏலம் போடும் இடத்தில் இறங்கியது. அதையும் ஏலத்தில் விடலாமா என்று அங்கே கேட்டார்களாம். வடிகாலில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் போனது. அவள் அசரவில்லை. கதவுகளுக்கு மரத்தாழ்ப்பாள் போட்டாள். வாசலில் ஒரு தொட்டி கட்டி, மணலை அங்கே கழுவிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள்.

தண்ணீரைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவே இல்லை. அக்கா வீட்டுக்காரர் போர் போடுகிறவர். அந்தக் கரையில் மணலுக்குள் குழாய் இறக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"எத்தனை அடி போடணும் அத்தான்?"

"நாப்பது போட்டுடலாம்மா. ஆழமா இருந்தா நல்லதுதானே" என்றார் அத்தான், ஸ்பேனரைத் தேடிக்கொண்டே. ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும்தான்.

முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தவளும் அக்கா. "என்னா ருசிடி" என்று தங்கையின் கன்னத்தைத் தட்டினாள்.

மூன்று வாரம் கடை ஓஹோவென்று ஓடியது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. வலை பின்னுகிறவரே ஒருநாள் மாமியார் வீட்டு ஆட்களை அழைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு வந்தார். நாலாவது வாரம், தலையெல்லாம் சோப்போடு ஒரு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, உப்பைக் கழுவத்தானே உள்ள வந்தோம்?"

சோப்பு நுரைக்கவில்லை. திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாக உடம்பில் ஒட்டியது. பட்டணத்தாள் குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். கடல்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு வரிசை பாதியானது, அதற்கடுத்த ஞாயிறு வரிசையே இல்லை.

அத்தான் வந்தார், மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கடலோரம்னா அப்படித்தான்மா. உன் எடத்து அடிமண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கையைவிட அவள்தான் அதிகம் அழுதாள், தங்கைதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஒருநாள் பேச்சுவாக்கில் ஆரம்பித்தாள். "எங்க வீட்டுப் பின்பக்கம் எடம் சும்மாத்தானே கெடக்கு. நாங்களும் நாலு ரூம் போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கும் உப்புதானே வரப்போகிறது, பாவம் என்று இந்தப் பைத்தியக்காரிக்கு மனசு அடித்துக்கொண்டது. "வேணாங்க்கா, நான் பட்டது போதாதா?" என்று புத்தி சொன்னாள். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அக்கா கடை திறந்த அன்று பட்டணத்தாள் ஒத்தாசைக்குக் காலையிலேயே போனாள். புதுக் கதவுகளுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயிண்ட் கையில் ஒட்டிக்கொண்டது என்று குழாயடியில் சோப்புப் போட்டாள். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. முழங்கை வரை வெள்ளை வெளேரென்று ஏறியது. அவள் கடையிலிருந்து எண்ணி நாற்பது தப்படி தூரம். அதே மணல், அதே கடல்.

கையைத் துடைக்காமலே கொல்லைப்பக்கம் போனாள். அங்கே ஒரு சின்ன மோட்டாரிலிருந்து நாலு குழாய்கள் நாலு பக்கமும் பிரிந்து மணலுக்குள் இறங்கியிருந்தன. அத்தான் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எத்தனை அடி அத்தான்?"

அவர் மென்று விழுங்கினார். "பதினெட்டு."

"என்னுது ஏன் நாப்பது?"

"மழைத்தண்ணி மணலுக்குள்ள மேலாகத்தான் நிக்கும்மா. அதுக்குக் கீழ கடல். மேலாக, நாலு எடத்துல மெதுவா எடுத்தா நல்ல தண்ணியா வரும். ஆழத்துல ஒரே குழாய வெச்சு இழுத்தா உப்பு ஏறிடும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முப்பது வருஷமா இதானேம்மா வேலை."

அவள் சட்டென்று ஒரு நப்பாசையில் கேட்டாள். "அப்ப என் குழாயத் தூக்கிப் பதினெட்டுல வெச்சுக் குடுங்க."

"ஏறின உப்பு எறங்க ரெண்டு மழைக்காலமாவது ஆகும்" என்றார் அத்தான். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினால், மடித்த துண்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அவரைக் கேக்காத. நாப்பதுன்னு சொன்னது நான்தான்" என்றாள் அக்கா.

 ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அக்கா அடுத்த வார்த்தையில் சொல்லிவிடுவாள் என்று பட்டணத்தாள் காத்திருந்தாள்.

"இருபது வருஷமா அதே வாசல்ல நின்னு அதே பஸ்ஸ நானும்தான் பாத்தேன். எனக்குத் தோணல. நீ வந்து ரெண்டே வாரத்துல கண்டுபிடிச்சுட்ட. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேருமா சேந்து வெச்சிருக்கலாமேக்கா."

"என் ஊர்ல, என் வாசல்ல நடக்கிற வியாபாரத்துக்கு நான் உன்கிட்டக் கேக்கணுமா?" அக்கா துண்டுகளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, போனது போகட்டும். பொம்பளைங்க பக்கம் பாத்துக்க ஒரு ஆள் வேணும். உனக்குக் கைவந்த வேலை. வெளியாளை எதுக்கு வைக்கணும்?"

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். விடுதியில் அவள் வாய் திறந்தால் அறுபது பெண்களும் கப்சிப் ஆவார்கள். இங்கே வாய் எழவில்லை. கடை போனதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் தன்னைக் கட்டிக்கொண்டு அக்கா அழுத அழுகை நடிப்பென்றால், தலைவாரிவிட்டது முதல் எதை நம்புவது? அது நிஜமான அழுகைதான் என்றால் இன்னும் மோசம். செய்ததையும் செய்துவிட்டு மனசார அழவும் முடிகிறவளோடு எப்படிப் பேசுவது? தண்ணீரைக் குடித்துப் பார்த்துக் கன்னத்தில் தட்டியபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். பட்டணத்தாள் தெருவில் இறங்கி நடந்தாள். கையில் சோப்பு காய்ந்து இழுத்தது.

தன் கடை வாசலில் வந்து உட்கார்ந்தபோது அன்றைய முதல் பஸ்ஸில் வந்தவர்கள் கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி அவளிடம் வந்தாள். குழந்தை தலை முதல் கால் வரை மணல்.

"இங்க நல்ல தண்ணியாங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் உள்ளே போயிருப்பாள். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது.

"உப்புங்க. அதோ நீலக் கதவு தெரியுதில்ல, அங்க போங்க. அங்க நல்ல தண்ணி."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. "தெரிஞ்சவங்க கடையாக்கா? கூட்டமா இருக்கு. பிள்ளைக்கு மட்டும் சீக்கிரம் விடச் சொல்றீங்களா?"

பட்டணத்தாள் நீலக் கதவுப் பக்கம் பார்த்தாள். அக்கா வெளியே வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள். "அங்க எனக்கு யாரையும் தெரியாது."