அரைப்பேர்

காந்தலிலிருந்து செல்வி நேற்றுக் காலை போனில் அழைத்தார். "அப்பா போயிட்டாருங்க டாக்டர்" என்றார். அவருடைய அப்பா முத்தையா அண்ணன், என் கையால் மூன்று முறை செத்தவர். நிஜமாகப் போனது இப்போதுதான்.

தேயிலை விலை விழுந்து ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிய காலம். நாங்கள் கோவையிலிருந்து ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்கள். நிஜ நோயாளியைத் தொடுமுன் நடிக்கும் நோயாளியிடம் பழகட்டும் என்று எங்கள் பேராசிரியை புது ஏற்பாடு செய்திருந்தார். நடிக்க வந்தவர், வேலையிழந்த ஃபாக்டரித் தொழிலாளி முத்தையா அண்ணன். இளவயதில் சிலோனிலிருந்து திரும்பியவர். எனக்கோ, இது என்ன கூத்து என்ற எகத்தாளம்.

கட்டிலில் உட்கார்ந்து மேல்வயிற்றைத் தடவினார். "வாய்வுதாங்க. நேத்து அரைப்பேரோட வந்துட்டேன்."

அரைப்பேர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கக் கௌரவம் விடவில்லை. வாய்வு மாத்திரை எழுதி நீட்டினேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு படுத்தார், கண்ணை மூடினார். "நான் செத்துட்டேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். புரியாத வார்த்தையைச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும் என்று எகிறினேன்.

"புரியலைன்னா கேக்கணுமுங்க. பாதி நாள்ல வேலைய விட்டு வந்தா பாதிக் கூலி, அதான் அரைப்பேரு. நிக்கவே முடியலைன்னாத்தான் வருவோம்" என்றார். குரல் உயரவில்லை.

மாலையில் பேராசிரியை விஷயத்தைச் சொன்னார். அந்த வசனம் தான் எழுதிக் கொடுத்ததல்ல என்றார். முத்தையா அண்ணனின் மனைவி, தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், மாரடைப்பில் சாகுமுன் ஒரு டாக்டரிடம் சொன்னது. அந்த டாக்டரும் கேட்கவில்லை. 

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் எதுக்குங்க, திரும்ப ஒருக்கா உக்காருங்க" என்றார். மேலும் இரண்டு முறை செத்தார். அதற்கடுத்த முறை கண்ணை மூடாமல், "பாஸ்" என்றார். எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

நேற்று வீட்டுக்குப் போனபோது செல்வி கடைசி நாளைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அண்ணன், "வாய்வுதாங்க, அரைப்பேரோட வந்துட்டேன்" என்றாராம். வேலைக்குப் போயே பல வருடமாயிற்றே, இந்த நேரத்திலுமா நடிப்பு என்று செல்விக்குக் கோபம். அங்கே பார்த்த இளம் பெண் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அரைப்பேருன்னா என்னங்கய்யா?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சிரித்து, "பாஸ்" என்றாராம். டாக்டர் எந்தக் குறையும் வைக்கவில்லை. இதயம்தான் தாங்கவில்லை.

இந்த முறை கேட்டுவிட்டார்கள் அண்ணா. நிம்மதியாகப் படுங்கள்.