கண் மூடாத செக்கர்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற தனியார் பஸ்களில் செக்கராக இருந்தவர் காசிநாதன். டிக்கெட்டைப் பத்திரமாகக் கையில் வைத்திருப்பவர்களும் அவரைக் கண்டால் அதை இன்னொரு முறை விரித்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காத புளியமரத்தடியில் நின்றிருப்பார். பஸ் பக்கத்தில் வந்ததும் விசில் ஊதிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிடுவார். ஏறியதும் டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு டிக்கெட் வைத்திருந்தவன் முகத்தைப் பார்ப்பார். "எங்க ஏறுன? கூட வந்தது யாரு? ஏன் வேர்க்குது?" என்று கேட்பார். சித்திரை வெயிலில் வேர்க்காமல் என்ன செய்யும் என்று எதிர்த்துக் கேட்ட ஆளில்லை.

வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றினால் செக்கர் வேலையும் கழன்றுவிட வேண்டும் அல்லவா? காசிநாதனிடம் அது கழலவில்லை. காய்ச்சிய பாலை முகர்ந்து பார்த்து, பால்காரன் இன்றைக்கு என்ன முகத்தோடு ஊற்றினான் என்று விசாரிப்பார். மனைவி ஜெகதாம்பாள் கோயிலுக்குப் போய்க் கொஞ்சம் தாமதமாக வந்தால், எந்தத் தெரு வழியாக வந்தாய், வழியில் யாரிடம் பேசினாய் என்று துருவுவார். அவள் நடத்தையில் அவருக்கு ஐயம் எதுவும் கிடையாது. கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"பக்கத்து வூட்டுக்குப் போறதுக்கும் டிக்கெட் எடுத்துகினுதான் போவணும் போல கீது" என்று அவள் ஒருநாள் சொன்னாள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பக்கத்து வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

எமர்ஜென்சி வந்ததற்கு அடுத்த வருஷம் மாசி மாதம், புதிதாகச் சேர்ந்த வரதன் என்ற கண்டக்டரின் பஸ்ஸில் ஒரு கிழவரிடம் டிக்கெட் இல்லை. கிழவர் வாங்கினேன் என்றார், வரதன் கொடுத்தேன் என்றான். இருவரும் கூட்டு என்று காசிநாதன் கத்தத் தொடங்கினார். சீட்டுக்கடியில் டிக்கெட் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. அதை இப்போதுதான் போட்டீர்கள் என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. கண் இருட்ட, அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே வரதன் நின்றிருந்தான். அவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தானாம். 'இவன் எதுக்கு நம்பளத் தூக்கிகினு வந்தான்?' என்பதுதான் காசிநாதனுக்கு வந்த முதல் நினைப்பு.

ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டரம்மா. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்கதான் பார்த்துக்கணும். நடங்க. எதுக்கெடுத்தாலும் கொதிக்காதீங்க. சாமி நம்பிக்கை இருந்தா ஒரு நல்ல இடமாப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றார். வைத்தியம் தெரியாததால்தான் இப்படிச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார் என்று காசிநாதன் முடிவு கட்டினார். ஆனால் மத்தியானம் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை முகம் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். காலையில் அந்த ஆள் இவரிடம் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டிருந்தார். ஏறக்குறைய இவர் வயதுதான். காசிநாதன் நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வீடு திரும்பியதும் டியூட்டி போடுகிற மாதிரியே தன்னைச் சீர்படுத்தத் திட்டம் போட்டார். உடம்புக்குக் கொளவாய் ஏரிக்கரையில் காலை நடை. மனசுக்கு, தினம் ஏதாவது ஒன்றைச் சோதிக்காமல் விட்டுவிடுவது. ஆத்மாவுக்கு ஒரு நல்ல குரு.

நடை பரவாயில்லை. ஒருவர் தினமும் தனக்குப் பின்னாலேயே வருகிறாரே, ஏன் என்று நாலைந்து நாள் நின்று நின்று பார்த்தார். அவரும் வியாதிக்காக நடக்கிறவர்தான் என்று தெரிந்ததும் அந்தக் கவலை விட்டது. மனசுதான் பேஜாராக இருந்தது. பூட்டை இழுத்துப் பார்க்காமல் ஒருநாள் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தார். வீட்டுக்குள் ஜெகதாம்பாள் இருந்தாள். வீடு பூட்டியே இருக்கவில்லை.

குரு தேடுவது அதைவிட மோசம். ரயிலடிப் பக்கம் ஒரு சாமியார் வெறும் கையிலிருந்து விபூதி வரவழைத்தார். விரலிடுக்கில் இருந்த உருண்டையை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த காசிநாதன் பார்த்துவிட்டார். இன்னொருவர் வாயைத் திறந்ததும் எங்கே வேலை, சொந்த வீடா என்று கேட்டார். காசிநாதன் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் டிரைவர் முனிசாமி ஒரு தகவல் சொன்னான்.

"அண்ணாத்த, மாபலிபுரத்துல ஒரு அம்மா கீது. அமிர்தவல்லின்னு பேரு. முன்ன டிரில் டீச்சரா இருந்துச்சாம். ஞாயித்துக்கெழம காலைல சவுக்குத் தோப்பாண்ட ஆசனம், மூச்சு, தியானம்லாம் சொல்லிக் குடுக்குது. எனுக்கு முதுகு வலி போயே போச்சு. டப்பு வாங்காது."

"டப்பு வாங்காதா? அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லிக் குடுக்குது?"

"அது எனுக்கு இன்னா தெரியும்? சொல்லிக் குடுத்துச்சு, கத்துகினேன்."

காசு வாங்காத குரு என்பது காசிநாதனுக்குக் காசு வாங்குகிற குருவைவிடப் பயங்கரமாகப் பட்டது. எதையாவது வாங்கித்தான் தீரவேண்டும். எதை வாங்குகிறாள் என்று கண்டுபிடிக்கவே அடுத்த ஞாயிறு பஸ் ஏறினார்.

தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடி வளர்த்த வெள்ளைக்காரன் ஒருவன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கல் செதுக்குகிறவர் ஒருவர், மாரி என்கிற மீன்காரம்மா, பேரைக் கேட்டால் முழுசாகச் சொல்லாத ஓர் இளைஞன். அமிர்தவல்லி நாற்பதைத் தாண்டியவள், முதுகு நிமிர்ந்தவள், அதிகம் பேசாதவள். உடம்பை வளைத்து நீட்டிக் களைத்த பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"கண்ண மூடிக்குங்க. அலை வர்றத கேளுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

எல்லோரும் மூடிக்கொண்டார்கள். காசிநாதன் மட்டும் மூடவில்லை. இத்தனை பேர் கண்ணை மூடியிருக்கும்போதுதானே காரியம் நடக்கும்? நடந்தது. மாரி மெதுவாக எழுந்து, துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அமிர்தவல்லியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். காசிநாதனுக்கு உள்ளே மணி அடித்தது. கடலோரத்தில் கள்ளச் சரக்கு இறங்குகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது.

வாரம் தவறாமல் போனார். ஆசனங்களைச் சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்காகச் செய்தார். மற்ற நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தார். "உங்களுக்கு எந்த ஊரு? இந்த அம்மாவை எப்பிடித் தெரியும்? அந்த வெள்ளைக்காரன் எங்க தங்கிகினு கீறான்?" வாத்தியார் தள்ளிப் போய் உட்கார்ந்தார். இளைஞன் அடுத்த வாரம் வரவே இல்லை. அவன் வராதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஒருநாள் அமிர்தவல்லிக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்து, தெற்கே குப்பத்தை ஒட்டி இருந்த அவள் வீட்டையும் பார்த்து வைத்துக்கொண்டார். வாசலில் அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்தது நெத்திலிக் கருவாடு. காசிநாதனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கருவாட்டுக்குள்ளே என்னவோ என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்கடுத்த ஞாயிறு தோப்பில் ஆளே இல்லை.

வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ் நிற்கிற இடத்தில் இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்காரனிடம் மெல்லக் கேட்டார்.

"அங்க ஆசனம் சொல்லிக் குடுக்குற அம்மா இன்னிக்கு வரலியா?"

"இன்னிக்கு இன்னா, இனிமே வராது அண்ணாத்த. நிறுத்திடுச்சு. எவனோ சி.ஐ.டி. உள்ள பூந்துட்டானாம்."

காசிநாதன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படிப் போடு! அங்கே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அந்தக் கல் செதுக்குகிறவன்தான் சி.ஐ.டி.யாக இருக்க வேண்டும். அவன் உட்காருகிற தோரணையே சரியில்லை. "யாராம்? ஆள் அடையாளம் தெரிஞ்சுதா?" என்று முன்னால் சாய்ந்தார்.

"எமர்ஜென்சி காலத்துல அதெல்லாம் யார் விசாரிக்கிறது? எல்லாரும் கண்ண மூடிகினு இருந்தா அவன் மட்டும் முழிச்சிப் பாத்துகினே இருப்பானாம். எந்த ஊரு, எங்க தங்குறன்னு ஒவ்வொருத்தரா கேப்பானாம். வாத்தியாரு வேலை போயிடும்னு பயந்துகினு நின்னுட்டாரு. வெள்ளைக்காரன் பையத் தூக்கிகினு பூட்டான். வெள்ளச் சட்டையாம். சட்டப் பையிலேர்ந்து விசில் கயிறு தொங்குமாம், போலீஸ்காரன் மாதிரி."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னவன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவன் கண் காசிநாதனின் சட்டைப் பையில் வந்து நின்றது. அதே இடத்துக்குக் காசிநாதனின் கண்ணும் போயிற்று.

கடைக்காரன் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து வைத்தான். "சார் டீ சாப்புடுங்க. காசுலாம் வேணாங்க சார்" என்றான். அவன் குரல் வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

காசிநாதன் டீயைத் தொடவில்லை. நேராகத் தெற்கே நடந்தார். அமிர்தவல்லி கதவைப் பாதி திறந்து, திறந்த பாதியிலும் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள்.

"வூடு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

காசிநாதன் இரண்டு கையையும் கூப்பினார். தான் போலீஸ் இல்லை, பஸ் செக்கர், ரத்தக் கொதிப்புக்காக வந்தவன் என்று திக்கித் திக்கிச் சொன்னார். கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. "அட்டை யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்."

பாஸ் காட்டுகிற காலேஜ் பையன்களிடம் அவரே எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது.

"என் தம்பி தாண்டவராயன் பாக்டரியில சங்கத்துல இருந்தான். அவனையும் முதல்ல இப்பிடித்தான், எந்த ஊரு, யார்கூட தங்குறன்னு தன்மையாத்தான் கேட்டாங்க. அப்புறம் ஒருநாள் கூட்டிகினு போனாங்க. எந்த ஜெயில்னுகூட இன்னும் சொல்லல. நான் உண்டு, என் மூச்சு உண்டுன்னு கீறேன். எனுக்குப் பைத்தியம் புடிக்காம இருக்கத்தான் அந்தக் கிளாஸே. போய் எழுதிக்குங்க."

கதவு மூடிக்கொண்டது. தான் ஒன்றைச் செய்திருந்தால் அதைக் காட்டலாம். தான் ஒன்று இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? திரும்பி வருகிற பஸ்ஸில் காசிநாதன் இதையே யோசித்தார். அந்தக் கிழவரும் வரதனும் அன்று எப்படி முழித்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து ஜெகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேள்வி கேட்காமல் தானாக ஒன்றைச் சொன்னது அவளுக்கே புதிது. இதில் என்ன சூது என்பது போல முதலில் பார்த்தாள். பிறகு முழுசையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வந்து பேசுறேன்."

"நீ போய் இன்னா சொல்லுவ? அவ என் அட்டையவே நம்பல."

"அத நான் பாத்துக்குறேன். நீங்க சும்மா வாங்க."

அடுத்த ஞாயிறு இருவரும் போனார்கள். கதவு பாதிதான் திறந்தது. ஜெகதாம்பாள் அவரை வேலியோரத்தில் நிற்கவைத்துவிட்டு, அமிர்தவல்லியைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"இவரு சி.ஐ.டி. இல்லம்மா. சி.ஐ.டி.யா இருந்தா சம்பளம் வாங்கிகினு சந்தேகப்படுவாரு. இவரு சும்மாவே படுவாரு. கண்ணாலம் ஆன மறுநாளு எங்கம்மா சீரா குடுத்த குத்துவெளக்க உரசிப் பாத்தாரு, பித்தளையா இல்லியான்னு. கத்திரிக்கா வாங்கியாந்தா ஒண்ணொண்ணா திருப்பிப் பாப்பாரு. கோயிலுக்குப் போனா எந்தத் தெருவுன்னு கேப்பாரு. எங்கக்கா செத்ததுக்கு அழுதுகினு கீறேன், தந்தி எப்ப வந்துச்சு, யார் கொணாந்தான்னு கேக்குறாரு. எனுக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லு…"

நிற்காமல் சொன்னாள். வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அந்த வாசலில் வந்து கொட்டியது. பாதியில் அவளுக்கு அழுகை வந்தது. அமிர்தவல்லி கதவை முழுசாகத் திறந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே வெகு நேரம் பேச்சுக் குரல். பிறகு சிரிப்புச் சத்தமும் கேட்டது. காசிநாதன் வேலியோரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை. தந்தி விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி தோப்பில் கூடினார்கள். பழைய கூட்டம் வரவில்லை. வாத்தியார் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. மாரி வந்தாள், கல் செதுக்குகிறவர் வந்தார், முனிசாமி வந்தான், புதிதாக ஜெகதாம்பாள் வந்தாள். அவள் உடம்பு காசிநாதனைவிடச் சீக்கிரம் வளைந்தது. கண்ணை மூடச் சொன்னபோது காசிநாதன் மூடிக்கொண்டார். யாரோ எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது. செருப்பை எடுக்கிறார்களோ என்று தோன்றியது. இமையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அமைதி என்றெல்லாம் சொல்ல முடியாது, ஒரு பெரிய மல்லுக்கட்டுதான். ஆனால் திறக்கவில்லை.

வேலையில் அவர் பெரிதாக மாறிவிட்டார் என்று கண்டக்டர்கள் யாரும் சொல்லவில்லை. புளியமரத்தடியில் நிற்பதை அவர் விடவில்லை. டிக்கெட் கிடைத்துவிட்டால் பேசாமல் இறங்கிவிடுவார், அது ஒன்றுதான் வித்தியாசம். வீட்டில், ஜெகதாம்பாள் வெளியே போய்விட்டு வரும்போது வாயைத் திறப்பார், பிறகு சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டு வைப்பார். என்ன கேட்க வந்தார் என்று அவளுக்குத் தெரியும். சில நாள் அவளே தெருப்பேரைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் கோடையில் அமிர்தவல்லியின் தம்பி வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். தோப்பில் தள்ளி உட்கார்ந்து எல்லோரையும் ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸ் முடிந்ததும் நேராகக் காசிநாதனிடம் வந்தான்.

"நீங்க யாரு?"

"காசிநாதன். பஸ் செக்கரு."

"எந்த ஊரு?"

"செங்கல்பட்டு."

"எங்கக்காவ எப்பிடித் தெரியும்? யார் இட்டாந்தாங்க? இங்க இன்னாத்துக்கு வர்றீங்க?"

அமிர்தவல்லி, "தாண்டவா, வுடு" என்று தடுக்க வந்தாள். காசிநாதன் கையைக் காட்டி வேண்டாம் என்றார். "கேக்கட்டும்மா" என்றார்.

மணலில் உட்கார்ந்தார். முனிசாமி சொன்னதிலிருந்து ஆரம்பித்தார். கேட்ட கேள்வியையே அவன் மறுபடி கேட்டபோது, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மத்தியான பஸ் போய்விட்டது. ஜெகதாம்பாள் அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று மாரியோடு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.